எலும்பிலும் மூட்டிலும் கொலாஜன்: முப்புரி இழை உருவாகும் விதமும் உடையும் இடங்களும்

சதை நீக்கிய கோழித் தொடை எலும்பு ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, அது மூழ்கும்வரை வினிகரை ஊற்றி, சில நாட்களுக்கு ஒருமுறை வினிகரை மாற்றி வந்தால், ஒன்றிரண்டு வாரங்களில் அந்த எலும்பு விரலால் வளைக்கும் அளவிற்கு இளகிவிடும். வடிவம் மட்டும் மாறியிருக்காது. முனையின் குமிழும் நடுத்தண்டின் வளைவும் முன்போலவே இருக்கும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் எலும்பின் கால்சிய உப்புகளைக் கரைத்து வெளியேற்றிவிட்டதால், எஞ்சி நிற்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதமே. மாறாக, இன்னோர் எலும்பை நெருப்பில் நெடுநேரம் சுட்டெடுத்தால் புரதம் எரிந்துபோய் உப்பு மட்டும் மிஞ்சும். அதற்கும் வடிவம் கெடாது, ஆனால் அழுத்தினால் பொடியாகிவிடும். இந்த இரண்டு எலும்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, எலும்பின் உறுதி கால்சியத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எடைக் கணக்கில் எலும்பின் மூன்றில் இரண்டு பங்கிற்கு நெருக்கமானது தாது உப்பு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரிமப் பொருள், மீதி நீர். அந்தக் கரிமப் பொருளில் பத்தில் ஒன்பது பங்கு முதல் வகைக் கொலாஜன் ஆகும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் இணைப்புநார், தோல் ஆகியவற்றிலும் இதே முதல் வகைதான் முதன்மையானது. மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பில் மட்டும் இரண்டாம் வகை முதலிடம் பெறுகிறது. மனித உடலில் இதுவரை 28 வகைக் கொலாஜன்கள் அறியப்பட்டுள்ளன. எலும்பையும் மூட்டையும் புரிந்துகொள்ள அவற்றில் ஏழெட்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

இக்கட்டுரை ஒரே கேள்வியைப் பின்தொடர்கிறது. கொலாஜன் பல படிகளைக் கடந்து கட்டப்படும் புரதம். எந்தப் படியில் பிழை நேர்கிறது என்பதைப் பொறுத்தே எலும்பு நோயும் மூட்டு நோயும் வடிவம் கொள்கின்றன. ஆகவே, முதலில் கட்டுமானத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு படியிலும் அங்கே பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் உடனுக்குடன் பார்ப்போம்.

மூன்று இழைகளின் முறுக்கு

எல்லாப் புரதங்களையும் போலக் கொலாஜனும் அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலிதான். ஆனால் இதன் வரிசையில் பெரும்பாலான வேறு புரதங்களில் காணாத ஓர் ஒழுங்கு உண்டு: ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் அமினோ அமிலம் தவறாமல் வரும். மற்ற இரண்டு இடங்களில் பெரும்பாலும் புரோலினும், அதன் மாற்று வடிவமான ஹைட்ராக்சிபுரோலினும் அமர்கின்றன. முதல் வகைக் கொலாஜனின் ஒரு சங்கிலியில் இந்த மூன்றன் தொகுதி முந்நூறுக்கும் மேற்பட்ட முறை இடைவெளியின்றித் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படிப்பட்ட மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் பருமனும் கொண்ட ஒரே மூலக்கூறாகின்றன.

தென்னங்கயிறு திரிப்பவர்கள் ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார்கள். முறுக்கிய புரிகளை ஒன்றுசேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். அதனால் ஒன்று அவிழ முயன்றால் மற்றொன்று இறுகும். கொலாஜனின் அமைப்பும் இதுவே: ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகச் சுற்றியிருக்கின்றன. இந்த முறுக்கில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடு அச்சிற்குள் வந்து விழுகிறது. அந்த இடம் மிகக் குறுகியது. பக்கக் கிளையாக ஒற்றை ஹைட்ரஜன் அணுவை மட்டும் கொண்ட கிளைசின் ஒன்றுதான் அதற்குள் பொருந்தும். வேறு எந்த அமினோ அமிலம் வந்தாலும் இடிக்கும். வரிசையில் காணும் அந்த ஒழுங்கிற்கு இதுவே காரணம்.

இந்த அமைப்பை உலகிற்கு முதலில் சொன்னது சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் 1952-இல் பொறுப்பேற்ற கோ. நா. இராமச்சந்திரன், அருகிலேயே அடையாற்றில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். தோல் ஆராய்ச்சி நிறுவனத்திற்கும் கொலாஜனுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. விலங்குத் தோலின் பெரும்பகுதியே கொலாஜன்தான், அந்த இழைகளை வேதிப்பிணைப்புகளால் அழுகாமல் நிலைநிறுத்துவதே தோல் பதனிடும் தொழில். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் நேச்சர் இதழில் மூன்று சங்கிலி அமைப்பை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே, மூன்றும் ஒன்றையொன்று சுற்றிய சுருளாக அதைத் திருத்தி வெளியிட்டார்கள். சங்கிலிகளுக்கு இடையே எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க முடியும் என்பதில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் 1955-இல் ஒரு திருத்தம் சொன்னார்கள், அது பின்னர் ஏற்கப்பட்டது; ஆனால் மூன்று சங்கிலிகள், நடு அச்சில் கிளைசின், எதிரெதிர் முறுக்கு என்னும் அடிப்படை சென்னையில் கண்டதுதான். அணுக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கலாம் என்று அந்த விவாதத்தில் எழுந்த கேள்வியே, 1963-இல் வெளிவந்து இன்று உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் இராமச்சந்திரன் வரைபடத்திற்கு, அதாவது புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் படத்திற்கு, வித்திட்டது. கொலாஜனைப் பற்றித் தமிழில் எழுதும்போது இதைச் சொல்லாமல் கடப்பது நன்றி மறப்பதாகும்.

செல்லுக்குள்ளும் வெளியிலும்

எலும்பில் எலும்பாக்கச் செல்களும், குருத்தெலும்பில் குருத்தெலும்புச் செல்களும் கொலாஜனைத் தயாரிக்கின்றன. மரபணுவின் ஆணைப்படி சங்கிலி நீளும்போதே அதன்மேல் நொதிகள் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் முதன்மையானது, புரோலினோடு ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து அதை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதி. இந்த மாற்றம் நிகழாத மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டாலும், ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும். அதாவது 37 டிகிரி வெப்பமுள்ள மனித உடலில் அவை சுருளாக நிலைத்திருக்கவே முடியாது. மாற்றம் முழுமையாக நிகழ்ந்தால்தான் உடல் வெப்பத்தைத் தாங்கும் உறுதி கிடைக்கிறது.

அந்த நொதி இயங்க அதன் நடுவே ஓர் இரும்பு அணு உரிய மின்னூட்ட நிலையில் இருக்க வேண்டும். அந்த நிலையைக் காத்துத் தருவது வைட்டமின் சி. அது தொடர்ந்து கிடைக்காதபோது உருவாகும் கொலாஜன் சுருள் உறுதியற்றுச் சிதைகிறது. அதுதான் ஸ்கர்வி நோய். ஈறுகளில் இரத்தம் கசிவதையே இந்நோயின் அடையாளமாகப் பலர் அறிந்திருக்கிறார்கள். குழந்தைகளிடம் அது எலும்பில்தான் பெரிதாகத் தெரியும்: எலும்பைப் போர்த்திய உறைக்கு அடியில் இரத்தம் கசிந்து, தொட்டாலே வலி எடுத்து, நடந்துகொண்டிருந்த குழந்தை காலை ஊன்ற மறுத்துப் படுத்துவிடும். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் சால்ஸ்பரி என்னும் கப்பலில் பன்னிரண்டு நோயாளி மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினார்கள். அன்று அவர் கண்ட நலம் உண்மையில் இந்த ஒற்றை நொதியின் நலம்.

சங்கிலிகள் முறுக்கிக்கொள்வது ஒரு முனையிலிருந்து மட்டுமே தொடங்குகிறது. ஒவ்வொரு சங்கிலியின் கடைசி முனையிலும் உருண்டையான ஒரு பகுதி உண்டு. எந்தச் சங்கிலி எதனோடு சேர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மூன்று முனைகளும் கூடியபின், முறுக்கு அங்கிருந்து முதல் முனை நோக்கி ஏறிச் செல்கிறது. வழியில் ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாகப் பருத்த அமினோ அமிலம் ஒன்று இருந்தால் முறுக்கு அங்கே தடைப்பட்டு நிற்கும். தாமதமான பகுதியின்மேல் நொதிகள் அளவுக்கு மீறி வேலை செய்துவிடும். அந்த மூலக்கூறு செல்லை விட்டு வெளியேறுவதே கடினமாகும், வெளியேறினாலும் நல்ல இழையின் நடுவே சேர்ந்து அதையும் கெடுக்கும்.

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா எனப்படும் பிறவி எலும்புமுறிவு நோயின் கடும் வடிவங்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஏற்படுகின்றன. இங்கே ஒரு கணக்கைப் பொறுமையாகப் பார்ப்பது பயன்தரும். முதல் வகைக் கொலாஜனில் ஆல்ஃபா-1 சங்கிலி இரண்டும் ஆல்ஃபா-2 சங்கிலி ஒன்றும் உண்டு. ஒருவருக்கு ஆல்ஃபா-1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதாகி, பழுதான சங்கிலியை உருவாக்குகிறது என்று கொள்வோம். செல்லில் நல்ல சங்கிலியும் பழுதான சங்கிலியும் பாதிப் பாதியாக இருக்கும். இரண்டு இடங்களையும் நல்ல சங்கிலியே நிரப்பும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஆக, மரபணுவில் பாதி கெட்டால் மூலக்கூறுகளில் முக்கால் பங்கு கெட்டுவிடுகிறது. இதற்கு மாறாக, அந்தப் பிரதி எந்தச் சங்கிலியையும் தயாரிக்காமல் முற்றிலும் ஊமையாகிவிட்டால், உருவாகும் கொலாஜனின் அளவு பாதியாகக் குறையும். ஆனால் உருவானவை அனைத்தும் நல்லவையாக இருக்கும். நோயும் மிக இலேசானதாக இருக்கும்: சிறு வயதில் சில முறிவுகள், நீலம் பாய்ந்த கண்வெண்படலம், ஏறத்தாழ இயல்பான உயரம். கெட்ட பொருளைத் தருவதைவிட ஒன்றும் தராமல் இருப்பது உடலுக்கு நல்லது என்னும் இந்த முடிவு மரபியலில் அரிதாகவே இவ்வளவு தெளிவாகக் காணக் கிடைக்கும்.

முறுக்கு முடிந்த மூலக்கூறு செல்லை விட்டு வெளியேறும்போது, அதன் இரு முனைகளிலும் உள்ள கூடுதல் பகுதிகளைத் தனித்தனி நொதிகள் வெட்டி நீக்குகின்றன. அப்பகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்க முடியாது. அதனால்தான் செல்லுக்குள்ளேயே இழை திரண்டு செல்லை அடைத்துவிடாமல் இருக்கிறது. முதல் முனையை வெட்டும் நொதி இல்லாத கன்றுகளின் தோல் இலேசாக இழுத்தாலே கிழிந்துவிடுவதைப் பெல்ஜியத்தில் கண்டறிந்தார்கள்; அதே குறை மனிதரிடமும் அரிதாக உண்டு.

வெட்டப்பட்ட மூலக்கூறுகள் இனி யாருடைய உதவியுமின்றித் தாமாகவே வரிசை சேர்கின்றன. அவை தலைக்குத் தலை சரியாக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ளதைவிட 67 நானோமீட்டர் தள்ளி அமர்கிறது. மூலக்கூறின் நீளமான 300, அறுபத்தேழின் முழு மடங்கு அன்று. ஐந்து மடங்கிற்கு 335 வேண்டும். எஞ்சும் 35 நானோமீட்டர் அளவு, ஒன்றன் முடிவிற்கும் அதே வரிசையில் வரும் அடுத்ததன் தொடக்கத்திற்கும் இடையே வெற்றிடமாக நிற்கிறது. ஆலன் ஹாட்ஜும் ஜான் பெட்ருஸ்காவும் 1963-இல் விளக்கிய இந்த அடுக்கு முறைதான் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கொலாஜன் இழைமேல் சீரான வரிவரியான பட்டைகளாகத் தெரிகிறது. எலும்பிற்கு அந்த வெற்றிடங்கள் உயிரானவை: கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது முதலில் அங்கேதான் நுழைந்து, சில நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளாகப் படிகமாகி, பின்னர் இழை முழுவதும் பரவுகிறது. ஆகவே எலும்பில் கால்சியம் எங்கே எந்தத் திசையில் படிய வேண்டும் என்பதைக் கொலாஜனே வகுத்துத் தருகிறது. கொலாஜன் பழுதாக இருக்கும்போது எவ்வளவு கால்சியம் உட்கொண்டாலும் எலும்பு உறுதிப்படாமல் இருப்பது ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

அடுக்கியவை நழுவாமலிருக்க மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் வேண்டும். செம்பு அணுவைக் கொண்ட லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி அதற்கு வழிசெய்கிறது. இனிப்புப் பட்டாணிச் செடி என்று தோட்டங்களில் வளர்க்கப்படும் பூஞ்செடியின் விதையை எலிகளுக்குத் தீவனமாகக் கொடுத்தபோது அவற்றின் முதுகெலும்பு கோணியது. விதையிலுள்ள ஒரு நஞ்சு இந்த நொதியைத் தடுத்ததே காரணம். அதன் உறவுச் செடியான கேசரிப் பருப்பை உண்பதால் வரும் கால்முடக்கம் வேறொரு நஞ்சினால் நரம்பில் ஏற்படுவது. இரண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது.

நொதியின் துணையோடு அளவாக ஏற்படும் இந்தப் பிணைப்புகளைத் தவிர, இரத்தத்திலுள்ள சர்க்கரை தானாகவே கொலாஜனில் ஒட்டி ஏற்படுத்தும் தேவையற்ற பிணைப்புகளும் உண்டு. வயது ஏற ஏற அவை கூடுகின்றன. நீரிழிவு உள்ளவர்களிடம் விரைவாகவே கூடுகின்றன. இழை விறைத்து, வளையும் தன்மையை இழக்கிறது. நெடுங்காலம் நீரிழிவு உள்ள ஒருவரை இரு கைகளையும் கூப்பி வணக்கம் சொல்லச் சொன்னால், சிலருக்கு விரல்கள் வளைந்தே நின்று உள்ளங்கைகள் ஒன்றோடொன்று முழுமையாகப் படியாது. விரல் மூட்டுகளைச் சுற்றியுள்ள திசுக்களில் கொலாஜன் இறுகியிருப்பதை எந்தக் கருவியும் இல்லாமல் காட்டிவிடும் சோதனை அது. மருத்துவர்கள் இன்றும் அதைச் செய்து பார்க்கிறார்கள்.

குருத்தெலும்பின் தனி வழி

முழங்கால் மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை. செல்களும் மிகக் குறைவு. எடையில் முக்கால் பங்கு அளவிற்கு நீர். இவ்வளவு நீரை வைத்துக்கொண்டு உடல் எடையின் பல மடங்கு அழுத்தத்தை அது தாங்குவது இரண்டு பொருள்களின் எதிரெதிரான இழுபறியால்தான். ஒன்று அக்ரிகன்: காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் முதலிய சர்க்கரைச் சங்கிலிகள் செறிந்த பெரிய மூலக்கூறு. அதன் எதிர்மின்னூட்டங்கள் அயனிகளையும், அவற்றின் பின்னே நீரையும் உள்ளிழுத்து ஓயாமல் உப்ப முயல்கின்றன. மற்றொன்று இரண்டாம் வகைக் கொலாஜன் வலை: அது அந்த உப்பலை ஓர் எல்லைக்குமேல் விடாமல் பிடித்து நிறுத்துகிறது. நடக்கும்போது அழுத்தம் கூடினால் சிறிது நீர் கசிந்து வெளியேறுகிறது. காலைத் தூக்கியதும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அழுத்தத்தை நேரடியாகத் தாங்குவது நீர். அந்த நீரை ஓட விடாமல் வைத்திருப்பது அக்ரிகன். அக்ரிகனைக் கலைய விடாமல் வைத்திருப்பது கொலாஜன்.

அந்த வலையின் இழைகள் எலும்பிலும் தசைநாணிலும் உள்ளவற்றைவிட மிக மெல்லியவை. இரண்டாம் வகை மூலக்கூறுகளோடு பதினொன்றாம் வகை இழையின் உள்ளே கலந்திருந்து பருமனைக் கட்டுப்படுத்துகிறது. ஒன்பதாம் வகை வெளிப்பரப்பில் அமர்ந்து பக்கத்து இழைகளோடு தொடர்பு ஏற்படுத்துகிறது. ஆறாம் வகை ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய உறையாகிறது. இழைகள் செல்லும் திசையும் ஆழத்திற்கு ஏற்ப மாறுகிறது. எலும்பை ஒட்டிய ஆழத்தில் அவை செங்குத்தாக எழுந்து, நடுவில் சாய்ந்து, மேற்பரப்பை அடைந்ததும் வளைந்து அதற்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. ஜெர்மானிய உடற்கூறியலாளர் பென்னிங்ஹாஃப் 1925-இல் இதை விவரித்தார். மேற்பரப்பில் உரசலையும் இழுவிசையையும் எதிர்க்கவும், ஆழத்தில் எலும்போடு பிடித்துக்கொள்ளவும் இந்த ஏற்பாடு பொருத்தமானது.

இரண்டாம் வகையில் மூன்று சங்கிலிகளும் ஒரே மரபணுவிலிருந்து வருவதால், முன்பு பார்த்த கணக்கு இங்கே இன்னும் கடுமையாகிறது. மரபணுவின் ஒரு பிரதி பழுதான சங்கிலியைத் தந்தால், மூன்று இடங்களையும் நல்லவையே நிரப்பும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். இந்த மரபணுவின் பிறழ்வுகள் கருவிலேயே உயிர்பிழைக்க இயலாத எலும்புக்கூட்டுக் குறைபாடுகள் முதல் குள்ளத்தன்மை வரை பலவற்றை ஏற்படுத்துகின்றன. கன்னர் ஸ்டிக்லர் 1965-இல் விவரித்த நோயில் கடும் கிட்டப்பார்வை, விழித்திரை விலகல், இளவயது மூட்டு நோய் ஆகியவை ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருகின்றன. கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் தெளிந்த கூழிலும் இரண்டாம் வகைக் கொலாஜனே உள்ளது என்பதை அறிந்தால் கண்ணும் முழங்காலும் ஏன் ஒன்றாகக் கெடுகின்றன என்பது புரியும். 1990-இல் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தவர்கள், சங்கிலியின் 519-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திற்குப் பதிலாகச் சிஸ்டீன் என்னும் மற்றொன்று அமர்ந்த ஒற்றை மாற்றமே இளவயதில் பல மூட்டுகள் கெடக் காரணம் என்று காட்டினார்கள். மூட்டுத் தேய்மானம் முதுமையும் உழைப்பும் மட்டுமே தருவது என்ற எண்ணத்தை அந்தக் கண்டுபிடிப்பு அசைத்தது.

குருத்தெலும்பைப் பற்றி அறிய வேண்டியவற்றில் மிக முதன்மையானதாக நான் கருதுவது, வளர்ச்சி முடிந்தபின் அதன் கொலாஜன் ஏறத்தாழ புதுப்பிக்கப்படுவதே இல்லை என்பதாகும். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, தோலின் கொலாஜனில் பாதி மாற ஏறத்தாழ 15 ஆண்டுகளும், குருத்தெலும்பின் கொலாஜனில் பாதி மாற நூறு ஆண்டுகளுக்கு மேலும் ஆகும் என்று கணித்தது. 2016-இல் வந்த மற்றோர் ஆய்வு வேறொரு வழியில் இதை உறுதிசெய்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. பின்னர் அது படிப்படியாகக் குறைந்தது. ஒரு திசுவிலுள்ள கார்பன்-14 அளவைப் பார்த்து அது எந்த ஆண்டுகளில் கட்டப்பட்டது என்று சொல்ல முடியும். அப்படிப் பார்த்தபோது, முதியவர்களின் முழங்கால் குருத்தெலும்பிலுள்ள கொலாஜன் அவர்கள் வளர்ந்துகொண்டிருந்த பருவத்தில் கட்டப்பட்டதாகவே இருந்தது. நோயுற்ற மூட்டிலும் புதிய கொலாஜன் சேர்ந்திருக்கவில்லை. அக்ரிகனைச் செல்கள் தொடர்ந்து புதுப்பிக்கின்றன. வலையை மட்டும் அவை மீண்டும் பின்னுவதில்லை.

மூட்டு நோயில் நடப்பது

மூட்டுத் தேய்மானம் எனப்படும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸில் இரு பரப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்வதாகவே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைக் கரைப்பவை பெரும்பாலும் அங்கே வாழும் செல்களும் மூட்டு உறையும் வெளியிடும் நொதிகளே. அடிபடுதல், இணைப்புநார் அறுதல், உடற்பருமன், பரம்பரை, வயது ஆகியவற்றில் ஒன்றோ பலவோ செல்களின் போக்கை மாற்றுகின்றன. முதலில் அக்ரிகனை வெட்டும் நொதிகள் பெருகுகின்றன. இந்தக் கட்டம்வரை இழப்பை ஈடுசெய்ய வழியுண்டு. அடுத்துக் கொலாஜன் வெட்டப்படத் தொடங்கினால் திரும்பிவரும் வழி அடைபடுகிறது.

முறுக்கிய கொலாஜனைச் சாதாரணப் புரதச் செரிமான நொதிகளால் வெட்ட முடியாது. அதை வெட்டும் நொதி விலங்குகளில் முதன்முதலில் கண்டறியப்பட்டது தவளைக் குஞ்சின் வாலில்: தலைப்பிரட்டை தவளையாகும்போது சில நாட்களில் வால் கரைந்து மறைகிறது, அதிலுள்ள கொலாஜன் எங்கே போகிறது என்று கேட்ட ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும் 1962-இல் அந்த நொதியைக் கண்டார்கள். இவ்வகை நொதிகள் துத்தநாக அணுவைக் கொண்டு இயங்குகின்றன. முழு நீளத்தில் ஒரே ஓர் இடத்தில், முதல் முனையிலிருந்து முக்கால் தொலைவில், முறுக்கைச் சிறிது தளர்த்தி மூன்று சங்கிலிகளையும் வெட்டுகின்றன. வெட்டுண்ட இரு துண்டுகளும் உடல் வெப்பத்தில் தாமாகவே அவிழ்ந்துவிடும். அதன்பின் மற்ற நொதிகள் அவற்றை எளிதில் தின்றுவிடுகின்றன. ஆட்டுக்கால் சூப் ஆறியதும் பாத்திரத்தில் கெட்டியாகும் ஜெலட்டின், வெப்பத்தால் இப்படி அவிழ்ந்த கொலாஜன்தான். தேயும் மூட்டில் இந்த வேலையை முன்னின்று செய்வது எம்.எம்.பி-13 என்னும் நொதி; இரண்டாம் வகைக் கொலாஜன்மேல் அதற்குத் தனி நாட்டம் உண்டு.

நோயின் தொடக்கத்தில் குருத்தெலும்பு மெலிவதற்கு முன்பு உப்புகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வலை அங்கங்கே அறுந்து தளர்ந்ததால், அக்ரிகனின் உப்பலைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் நீர் கூடுதலாக நுழைந்துவிடுகிறது. உப்பிய குருத்தெலும்பு மென்மையானது. ஒவ்வோர் அடியிலும் கூடுதலாக அமுங்குகிறது. செல்கள்மேல் விழும் அழுத்தம் மாறுகிறது. அவை மேலும் நொதிகளை வெளியிடுகின்றன. வளரும் எலும்பின் முனையில் மட்டும் இருக்க வேண்டிய பத்தாம் வகைக் கொலாஜனைக்கூட அச்செல்கள் தயாரிக்கத் தொடங்குகின்றன. அதாவது எலும்பாக மாறப்போகும் செல்லின் போக்கை அவை மேற்கொள்கின்றன. குருத்தெலும்பில் நரம்பு இல்லாததால் இவ்வளவும் நடக்கும்வரை வலி தெரியாமலே போகலாம். வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டு உறையிலிருந்தும் வருவது, ஆகவே பெரும்பாலும் காலந்தாழ்ந்தே வருகிறது.

முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸின் தொடக்கம் வேறு. அங்கே உடலின் தற்காப்பு மண்டலமே மூட்டு உறையைத் தாக்குகிறது. உறை தடித்துப் பெருகி, குருத்தெலும்பின்மேல் படர்ந்து, ஓரங்களிலிருந்து அரித்துக்கொண்டே உள்ளே வருகிறது. ஆனால் கடைசியில் கொலாஜனை வெட்டும் கருவிகள் அதே குடும்பத்து நொதிகளே. 1977-இல் எலிகளுக்கு இரண்டாம் வகைக் கொலாஜனைச் செலுத்தி இதையொத்த மூட்டு அழற்சியை வரவழைத்தார்கள். முடக்குவாத மருந்துகளைச் சோதிக்க அந்த முறை இன்றும் பயன்படுகிறது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்களைத் தடுக்கும் மருந்துகள் முடக்குவாதத்தில் மூட்டைக் காப்பது, நொதிகளைப் பெருக்கும் அந்தக் கட்டளையை அவை நிறுத்திவிடுவதால்தான். எனவே இந்நோயில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மீளாத இழப்பிற்கு இடம்தரும்.

அப்படியானால் அந்த நொதிகளையே நேரடியாகத் தடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். புற்றுநோய்க்காக அவற்றை மொத்தமாகத் தடுக்கும் மருந்துகளைச் சோதித்தபோது, நோயாளிகளுக்குத் தோள்பட்டை இறுகி மூட்டுவலி வந்தது. பழைய கொலாஜனை அளவாக அகற்றுவதும் உடலின் அன்றாடத் தேவை என்பதை அது காட்டியது. எம்.எம்.பி-13 ஒன்றை மட்டும் தடுக்கும் வழியைத் தேடும் முயற்சிகள் அதன்பின் வந்தவை.

கடைகளில் விற்கும் கொலாஜன் பொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் முழங்கால் வலியோடு அதற்குப் பணம் செலவிடுபவர்கள் பலர். உண்ட கொலாஜன் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் சிதைந்தே இரத்தத்தில் சேர்கிறது. கொலாஜனுக்கே உரிய ஹைட்ராக்சிபுரோலினை உணவிலிருந்து எடுத்துச் சங்கிலியில் கோக்கும் வழி செல்லில் இல்லை. புரோலினைக் கோத்தபின் அங்கேயே மாற்றினால்தான் உண்டு. சில சோதனைகளில் வலி ஓரளவு குறைந்ததாகச் சொல்லப்பட்டாலும், அறுந்த வலை அதனால் மீண்டும் பின்னப்படுவதற்குச் சான்று இல்லை. அந்தப் பணத்திற்குப் பருப்பும் முட்டையும் நெல்லிக்காயும் கொய்யாவும் வாங்கலாம் என்பதே என் கருத்து. உடற்பருமன் உள்ளவர்கள் எடையில் ஒரு கிலோ குறைத்தால், நடக்கும்போது முழங்கால்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்பது அளந்து கண்ட உண்மை. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்கும் உறுதியான சான்று உண்டு.

அறுவை மருத்துவத்தில் இரு வழிகள் பரவலாக அறியப்பட்டவை. குருத்தெலும்பு பெயர்ந்த இடத்தில் அடியிலுள்ள எலும்பில் நுண்துளைகள் இட்டால், மஜ்ஜையிலிருந்து செல்கள் வந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகின்றன. ஆனால் அவை தருவது பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜன் மிகுந்த நார்த்திசு, அது நாளடைவில் நைந்துபோகிறது. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் மூட்டில் வைக்கும் முறையைச் சுவீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்டார்கள். அதில் இரண்டாம் வகைக் கொலாஜன் ஓரளவு உருவாகிறது. ஆயினும் ஆழத்தில் செங்குத்தாக எழுந்து மேற்பரப்பில் வளைந்து படுக்கும் அந்த இழையமைப்பை வளர்ந்த ஒருவரின் மூட்டில் அப்படியே மீட்டுத்தரும் சிகிச்சை இன்னும் கைக்கு வரவில்லை. இன்று ஆய்வகங்களில் செல்களை வெறும் கூழில் வளர்க்காமல், இழைகளின் திசையை முன்கூட்டியே வகுத்த சட்டகத்தில் வைத்து, நடையின் அழுத்தத்தைப் போலவே அவற்றை அழுத்தியும் விட்டும் வளர்த்துப் பார்ப்பது அதற்காகவே.